பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

எங்கள் காரில் ஏசியைப் போட்டாலும் சூடான காற்றுதான் வந்தது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் ஆக்சுவேட்டர் என்ற சின்ன மோட்டார் கெட்டிருந்தது. செம்பட்டியில் இருக்கும் என் சகலை இதே கோளாறைத் தன் காரில் தானே சரிசெய்திருந்தார். என் மனைவி அதை ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரிடம் எதுவும் கேட்காமல் மோட்டாரை வாங்கி வந்து, அரைநாள் வெயிலில் குனிந்துகிடந்து மாற்றினேன். குளிர்ந்த காற்று வந்ததும், அவரிடம் காட்டியே தீரவேண்டும் என்று மனைவியை ஏற்றிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

செம்பட்டி முக்கில் முன்னால் போன பஸ் நின்றது. மிதித்தால் பிரேக் பாதிகூட இறங்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்ததில், பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். குனிந்து பார்த்தால், பெடலுக்கு அடியில் காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம். கண் படக்கூடாதென்று மனைவி டேஷ்போர்டில் வைத்தது. வேலைக்கு இடைஞ்சல் என்று நான்தான் கீழே எடுத்துப் போட்டிருந்தேன்.

அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். "என்ட்டக் கேட்டிருந்தா, கீழ கெடக்குறதப் பொறுக்கிட்டு வண்டிய எடுங்கன்னு சொல்லிருப்பேண்ணே" என்றார் சகலை. அதையும் அவரே சொன்னதுதான் தாங்கவில்லை.

இப்போது பெடலுக்கு அடியில் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. பழத்தையும் முன் பம்பரில்தான் கட்டுகிறோம். சகலைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் கண் அதிகம் படுவது அவர் வண்டி மேல்தான்.