உடையாமல் விழுந்த பெட்டி

கணத்தாக்கு விசை என்ற பாடத்தை வருடா வருடம் நடத்தி எனக்கு அலுத்துவிட்டது. விழுகிற பொருள் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டால் அதன்மேல் படும் விசை குறையும். நேரம் சுருங்கினால் விசை கூடும். கண்ணாடிச் சாமானை வைக்கோலில் பொதிவது இதனால்தான். அவ்வளவுதான் விஷயம். இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் கை ஓய்ந்துபோகும்.

அறுபதுகளின் தொடக்கம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். பௌதிகத்தை விருப்பப் பாடமாக நடத்த அனுமதி வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் சாமான் இருந்தாக வேண்டும். நிர்வாகி ஊரெல்லாம் கையேந்தினார். நான் மதுரைக்குப் போய்க் குடுவை, சோதனைக்குழாய், முப்பட்டகம் எல்லாம் வாங்கி, மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து அடுக்கி, ரயிலேறினேன். மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார். அனுமதி இல்லையென்றால் பையன்கள் ராமநாதபுரத்துக்குப் போய்ப் படித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

பரமக்குடியில் எனக்குத் தெரிந்த மீனவப் பெண் ஒருத்தி ஏறினாள். சந்தையில் கருவாடு விற்றுவிட்டு அரிசி மூட்டைகளோடு ஊர் திரும்புகிறாள். அவள் மகள் என் வகுப்பு. நர்ஸ் ஆக வேண்டும் என்று பௌதிகத்துக்காகக் காத்திருந்த பெண்.

உச்சிப்புளிக்கு முன்னால் மணல்மேட்டில் வண்டி ஊர்ந்து போகும். மூட்டைக்குச் சீட்டு வாங்காத கடற்கரைப் பெண்கள் அங்கே மூட்டைகளை உருட்டிவிடுவார்கள். வீட்டு ஆண்கள் கீழே நின்று எடுத்துக்கொள்வார்கள். அலைச்சலில் நான் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது காலடியில் பெட்டி இல்லை.

"செக்கிங் வருதுன்னாக சார். ஒங்க பொட்டிக்கும் சீட்டு இருக்காதுன்னு நானே தள்ளிவிட்டேன். எம்புள்ளைக்குப் பாடஞ் சொல்ற சாரு, நாலு பேரு முன்னாடி தல குனியலாமா?"

பெட்டிக்கான சீட்டு என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அவள் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்தபின் கோபப்படவும் தெம்பில்லை.

இருவரும் உச்சிப்புளியில் இறங்கித் தண்டவாளத்தோரமாகத் திரும்பி நடந்தோம். உள்ளே கண்ணாடி என்று சொன்னதும் அவள் நடையை எட்டிப்போட்டாள். நான் மனசுக்குள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். உள்ளே வைக்கோல், கீழே மெத்தென்ற மணல். பெட்டி மெல்லத்தான் நின்றிருக்கும். உடைந்திருக்காது.

உடையவும் இல்லை. அவள் கணவர் தண்டவாளத்தருகே வியர்த்துப்போய் நின்று, காலால் மணலைத் தள்ளி எதையோ மூடிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கருங்கல்.

"எவனோ இவகிட்டச் சாராயப் பாட்டிலத் தள்ளிவிட்டுட்டான்னு நெனச்சேன் சார். தெறந்து பாத்தா அம்புட்டும் முழுசா இருக்கு. போலீசு கண்டா உள்ள தூக்கிப் போட்டுருவாகளே. அதான் கல்ல எடுத்து..."

மதுவிலக்குக் காலம் அது. ஒரு பாட்டில் அகப்பட்டால் குடிசையையே பிரித்துப் போட்டுவிடுவார்கள். குடுவையையும் சோதனைக்குழாயையும் அவர் எங்கே கண்டார்? கருங்கல் கண்ணாடியில் படும் நேரம் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் உட்காரத்தான் தோன்றியது.

மறுநாள் அதிகாரி வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனார். அனுமதி வரவில்லை. பையன்கள் ராமநாதபுரம் போனார்கள். நர்ஸாகக் காத்திருந்த அந்த மகள் மட்டும் ஒருநாள் என்னிடம் தனியாக வந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வேற சாமான் வந்துருச்சுன்னு அம்மாட்டச் சொல்லியிருக்கேன் சார். காட்டிக்குடுத்துராதீங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா அது தாங்காது. படிக்கப் பிடிக்கலன்னு நானே நின்னுக்கிறேன்."

அழவில்லை அவள். காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றேன்.

சில வாரம் கழித்து அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். மகள்மேல் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம்.

"சாமானெல்லாம் வந்தும் படிக்கப் பிடிக்கலங்கிறா சார். அம்புட்டுத் திமிரு. நீங்களாச்சும் கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.