வராமல் போன சொல்

பழைய மர்மப் படங்களைத் திரையிட்டு விளக்கம் சொல்ல, ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி எங்கள் சினிமா ரசிகர் குழுவின் தில்லைநகர் மாடி அறைக்கு வருவார் ஓர் இயக்குநர். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, கண்களைப் பார்க்கவிடாத தடித்த கண்ணாடி. டீ குடிக்கக் கீழே இறங்கினால்கூட எல்லோரிடமும், “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “டீக்கடைக்குப் போறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு?”

அவர் சிரிக்கவில்லை.

“பயமுறுத்தக் கத்தி, ரத்தமெல்லாம் வேண்டாங்க. வீட்டை விட்டுக் கிளம்புறவன் ‘போயிட்டு வரேன்’னு சொல்லாம, ‘போறேன்’னு மட்டும் சொல்லட்டும். பார்க்கறவங்களுக்கு அப்புறம் நிம்மதியே கிடையாது.”

கடைசிப் படம் முடிந்த மாலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை அவரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “போறேங்க” என்றார்.

பாடத்தை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். சினிமாக்காரர், இப்படி விளையாடக்கூடியவர்தான். ஆனாலும் காவிரிப் பாலத்தில் போகும்போதெல்லாம் நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.