குட்மேய்ஸ் குவாட்டர்பேக்

என் கணவர் இங்கிலாந்தில் ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கின் சாதனையைச் சில வருடங்கள் தன் பெயரில் வைத்திருந்தவர். கலியாண வீடுகளில் இதைச் சொன்னால் ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எந்தக் கிளப் என்று கேட்பார்கள். கிளப்பின் பெயரைச் சொன்னால் இன்னும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கதைப்போம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் என்ற இடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கலியாணமான புதிது. அவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் வேலை. நான் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. வீட்டுக்காரி கீழே இருந்துகொண்டு எங்கள் காலடிச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு சொல்லுவாள் என்பதால், மழை தூறினாலும் பார்க்குக்குப் போய்விடுவோம்.

அப்படி ஒரு ஞாயிறு, தோளில் தலையணை கட்டியதுபோன்ற கோலத்தில் கொஞ்சப்பேர் புல்லில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். சிலரிடம் சரியான ஹெல்மெற் இருந்தது. ஒருவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் போட்டிருந்தார். அவர்களுடைய பந்து, இரண்டு பக்கமும் கூரானது, துள்ளித் துள்ளி எங்கள் காலடிக்கு வந்தது. தூரத்தில் நின்ற ஒருவர் அதை எறியும்படி கை காட்டினார்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெட் அணியில் எல்லைக்கோட்டில் நின்றவர். துடுப்பாட்டம் சுமார், பந்துவீச்சு அதைவிடச் சுமார். ஆனால் அவர் நின்ற பக்கம் அடித்துவிட்டு எவரும் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடியதில்லையாம். பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர் சொல்லுகிற விசயமா இது என்று அன்று நினைத்தேன். பார்க்கில்தான் விளங்கியது. பந்து, கை காட்டியவரின் தலைக்கு மேலால் போய், அவருக்குப் பின்னால் நின்றவரின் தலைக்கு மேலாலும் போய், வேலிக்கு அப்பால் வயதானவர்கள் வெள்ளை உடுப்போடு உருட்டுப்பந்து விளையாடிக்கொண்டிருந்த புல்தரையில் விழுந்தது.

ஒருவர் எங்களை நோக்கி ஓடி வந்தார்.

"மன்னிப்புக் கேட்டிட்டுக் கெதியாப் போவம்," என்றேன்.

"ஓம்," என்றார் என் கணவர். ஆனால் அசையவில்லை. பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓடி வந்தவர் அந்த அணியின் கோச். மற்ற நாட்களில் தபால்காரர். ஞாயிறு பின்னேரம் ரீவியில் காட்டுகிற ஆட்டங்களையும் நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தையும் வைத்து விளையாட்டைப் படித்தவர். அவர் உருட்டுப்பந்துக்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு என் கணவருக்கு வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

குவாட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை, அந்த இடம் என் கணவருக்கு என்று கோச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரணி அவரை விழுத்துவதற்கு முன் அவர் அதைத் தன் ஆள் ஒருவருக்கு எறிய வேண்டும். பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேற நாலு தரம் விடுவார்கள். முன்னேறாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. இதுதான் முழு விளையாட்டும். மிச்சமெல்லாம் இடிபடுவது.

சவுத்தாலில் இருந்த அவருடைய அண்ணைக்கு விசயம் போய்விட்டது. என் கணவரை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். ஊர்ச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். உடனே வந்தார்.

"விளையாடவோ உன்னை இஞ்ச கூப்பிட்டனான்?"

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அண்ணை."

"கையைக் காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?"

"இஞ்ச ஆஸ்பத்திரி இலவசம்தானே."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"உடுப்புத் தோய்க்கிறதுதான் கொஞ்சம் கரைச்சல்," என்றேன்.

நானும் அணியில் சேர்க்கப்பட்டேன். மைதான ஓரத்தில் ஒரு சங்கிலி வைத்திருப்பார்கள். பத்து யார் நீளம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பு. பந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைக் காட்டுவது அதுதான். கம்பு பிடிக்க ஆள் கொடுப்பது சொந்த மைதானத்து அணியின் பொறுப்பு. மற்ற வீரர்களின் மனைவிமார் வருவதில்லை. நான் வருவேன். செம்மஞ்சள் நிற மேலங்கி ஒன்றைத் தந்து முன் கம்பைக் கையில் கொடுத்தார்கள்.

அணி தோற்றது. அடுத்த கிழமையும் தோற்றது. அது வழக்கமாகிவிட்டது. முன்னுக்கு நிற்கிற அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஓடி நேரத்தைப் போக்காட்டலாம். பின்னுக்கு நிற்கிற அணிக்கு அது ஏலாது, எறிந்துதான் எட்டிப் பிடிக்க வேண்டும். நாங்கள் எப்போதும் பின்னுக்கு நின்றபடியால் அவர் எப்போதும் எறிந்துகொண்டிருந்தார். இரண்டாவது பருவத்தின் நடுவில், லீக்கில் கணக்கு வைப்பவர் கோச்சுக்கு ரெலிபோன் எடுத்தார். ஒரு பருவத்தில் ஆகக்கூடிய தூரம் எறிந்த சாதனையை உங்களுடைய ஆள் நெருங்குகிறார், ஆனால் நீங்கள் இன்னும் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை, இரண்டும் சரிதானா என்று கேட்டார். இரண்டும் சரி என்றார் கோச்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் என் கணவர் நெற்றியில் திருநீறு பூசுவார். ஹெல்மெற் போட்டதும் அது உள் பஞ்சில் ஒட்டிவிடும். பஞ்சு பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்த கோச் மருந்துத் தண்ணீர் போட்டுக் கழுவினார். அடுத்த கிழமை திரும்ப வெள்ளையாக இருந்தது. இந்த நாட்டு ஈரம் அப்படித்தான் என்று கோச் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

குவாட்டர்பேக் உரத்து எண்ணித்தான் பந்தை எடுப்பார்; எந்த எண்ணில் எடுப்பார் என்பது எதிரணிக்குத் தெரியக்கூடாது. அதனால் என் கணவர் தமிழில் எண்ணத் தொடங்கினார். அவருக்கு முன்னால் நின்று காவல் காத்த ஐந்து பேருக்கும் ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் ஜமேக்காவில் பிறந்த பஸ் சாரதி. வழியில் என்னைக் கண்டால் வணக்கம் என்ற சொல் தெரியாதபடியால் "மூண்டு" என்பார். நானும் "மூண்டு" என்பேன்.

இந்த முறை நன்றாக வேலை செய்தது, மேற்கு லண்டன் அணி ஒன்று வரும்வரை. அவர்களிடம் உயரமான, கறுத்த பெடியன் ஒருவன் இருந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். என் கணவர் "ரெண்டு" என்று கத்தியதும் அவன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்தான். அடுத்த தடவை "மூண்டு" என்ற சொல் முடிய முன்னமே உள்ளே புகுந்து என் கணவரை நிலத்தில் விழுத்தி அவருக்கு மேலே கிடந்தான். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான்.

"அண்ணை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டான்.

"கொக்குவில்," என்றார் அவர் கீழிருந்து. "நீர்?"

"மன்னார்."

கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அன்று அவரைப் பல தரம் விழுத்தினான். ஒவ்வொரு தரமும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றான். ஆட்டம் முடிந்ததும் எங்களோடு தேத்தண்ணி குடித்தான். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துத்தான் ஆட்டத்துக்கு வருவானாம்.

அதற்குப் பிறகு அந்த அணியோடு விளையாடும்போது மட்டும் ஆங்கிலத்தில் எண்ணுவதென்று முடிவாயிற்று. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஆங்கில எண் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பயிற்சியில் "வன், ரூ" என்றால் ஒருவரும் அசையவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் அதே அணியோடு, எங்கள் பார்க்கில். எனக்கு வயிற்றில் ஏழு மாதம். ஏதும் நோவெடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று அண்ணை காரோடு வந்து மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றார். அவர் முதல் தடவையாக இந்த விளையாட்டைப் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார்.

"பிள்ளை, ஏன் ஒவ்வொருக்காலும் வட்டமாக் கூடிக் கதைக்கினம்?"

"அடுத்து என்ன செய்யிறதெண்டு முடிவெடுக்கினம்."

"முடிவெடுத்திட்டு?"

"சண்டை பிடிப்பினம். பிறகு திரும்பக் கூடுவினம்."

"எங்கடை சங்கம் மாதிரி," என்றார் அண்ணை. அதன் பிறகு அவர் விளையாட்டை நன்றாக விளங்கிக்கொண்டார்.

அன்று அதிசயமாக நாங்கள் கிட்டத்தட்டச் சமமாக நின்றோம். இன்னும் ஒரே ஒரு தரம் பந்தோடு அவர்களுடைய கடைசிக் கோட்டைத் தாண்டினால் வெற்றி. நேரம் முடிந்துகொண்டிருந்தது. நாலாவது தரம். என் கணவர் பந்தை எடுத்துப் பின்னுக்குப் போனார். மன்னார்ப் பெடியன் அவரை இடித்த அதே நேரம் பந்து கையை விட்டுப் போயிற்று. நல்ல எறி. எங்கள் ஆள் அதைப் பிடித்து, அந்த இடத்திலேயே விழுத்தப்பட்டார். பத்து யார் வந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல ஏலாது. நடுவர் சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் கம்போடு மைதானத்துக்குள் நடந்தேன். எல்லாரும் விலகி வழி விட்டார்கள். சங்கிலியை இழுத்துக் கம்பைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றினேன். பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது.

கோட்டுக்கு வெளியிலிருந்து அண்ணையின் சத்தம் கேட்டது. "பிள்ளை, கொஞ்சம் சாய்ச்சுப் பிடியும்!"

"அக்கா, நேராப் பிடியுங்கோ!" என்றான் மன்னார்ப் பெடியன் மற்றப் பக்கத்திலிருந்து.

நடுவர் வெள்ளைக்காரர். இவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு வயிறு நோகிறதா என்று கேட்கிறார்கள் என்றேன். நோகிறதா என்று அவரும் கேட்டார். இல்லை என்றேன். என் கணவர் முழங்காலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். நான் கம்பை நேராகப் பிடித்தேன். நடுவர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை மற்றப் பக்கம் காட்டினார்.

ஆட்டம் தோல்வி. அந்த எறியோடு சாதனை அவருடையதாயிற்று. கணக்கு வைப்பவர் வந்து கை குலுக்கினபோது, எதற்காக என்று என் கணவருக்கு உடனே விளங்கவில்லை.

வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். அண்ணை காரில்தான் கொண்டுவந்தார்.

"நேராத்தானே பிடிச்சனீர்?" என்றார் என் கணவர்.

"ஓம்."

"அப்ப சரி."

"என்ன சரி?" என்றார் அண்ணை. எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

குளியலறையில் அவருடைய உடுப்பை ஊறவைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, நோகுதே?"

"இல்லை. ஒருக்கா எண்டாலும் வெண்டிருக்கலாம்."

அவர் யோசித்தார். "வெண்டால் எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே," என்றார். பிறகு மற்றக் கையால் உடுப்பைப் பிழியத் தொடங்கினார். எறிகிற கை மேலே எழும்பவில்லை.

அது பிறகும் சரியாக எழும்பவில்லை. டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, குவாட்டர்பேக் என்றார் இவர். டொக்டர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெற்றோல் ஸ்ரேசனில் பாரம் தூக்க வேண்டாம் என்றார். லீக்கின் விருந்தில் அவருக்குச் சாதனையைப் பொறித்த ஒரு மரப்பலகை கொடுத்தார்கள். அதை இடது கையால் வாங்கினார். மகள் பிறந்து, அவளைத் தூக்கி வைத்திருந்ததும் இடது கையால்தான். பல மாதங்கள் அவருக்குத் தலை வாரிவிட்டது நான். அதோடு அவருடைய விளையாட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரியின் முறைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோச் ரெலிபோன் எடுத்தார். லண்டனுக்குப் படிக்க வந்த ஒரு அமெரிக்கன், வடக்கு லண்டன் அணி ஒன்றுக்கு விளையாடி, சாதனையை முறித்துவிட்டானாம். அவனுடைய அணி எல்லா ஆட்டமும் வென்றதாம். என் கணவர் அவனுக்குத் தன் வாழ்த்தைச் சொல்லச் சொல்லிவிட்டு வந்து, வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை வெட்டி முடித்தார். கவலையோ என்று கேட்டேன். இத்தனை வருடம் ஒருவரும் முறிக்காமல் இருந்ததுதான் தனக்கு ஆச்சரியம் என்றார்.

அடுத்த நாள் அண்ணை ரெலிபோனில் கேள்விப்பட்டார்.

"அமெரிக்கனை ஆர் சேர்த்தது?" என்றார்.

"ஆரும் சேரலாம் அண்ணை."

"அதெப்பிடி? அவனுக்கு அது தெரிஞ்ச விளையாட்டெல்லே! தெரிஞ்சவன் விளையாடினால் சாதனையோ? நீ எழுதிப் போடு. நான் சங்கத்தாலை ஒரு கடிதம் எழுதுவிக்கிறன்."

"வேண்டாம் அண்ணை."

"நீ பேசாமல் இரு. இது உன்ரை விசயம் மட்டுமில்லை."

ரெலிபோனை வைத்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க எங்களோடு கதைக்கவில்லை. அண்ணி ரெலிபோன் எடுத்து, மனிசன் சரியாகச் சாப்பிடுகிறதில்லை என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, அவரைத் தேற்றுவதற்காகச் சவுத்தாலுக்குப் போனோம்.