அப்பாவின் எண்ணிலிருந்து வந்த லூடோ

என் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. நாங்கள் மாதா கோயில் குடும்பம், மாப்பிள்ளை விபூதி பூசுகிறவர். அது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் இருக்கும் ஆவடிக்கும் நான் இருக்கும் திருநின்றவூருக்கும் என்ன பெரிய தூரம்? ரயிலில் உட்கார இடம் கிடைப்பதற்குள் வந்துவிடும். ஆனாலும் அம்மாவும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கென்று தனியாக போன் கிடையாது. வீம்பில் நான் அப்பாவின் மகள், நானும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில் போனைப் பார்த்தால், அப்பாவின் எண்ணிலிருந்து லூடோ ஆட அழைப்பு. கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் ஆடினேன். மறுநாளும் அழைப்பு வந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வார்த்தை வராது. என் காயை வெட்டச் சந்தர்ப்பம் கிடைத்தாலும் வேறு காயை நகர்த்துவார். நான் தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுவேன், அத்தனை கோபம் இருந்தது. வெட்டினால் ஒரு சிரிக்கும் பொம்மை வரும். நாங்கள் ஆடுவது மாதா கோயிலில் காலைப் பூசை நடக்கும் நேரம். காய்ச்சலில்கூடப் பூசைக்குப் போகிற மனிதர், எனக்காக அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார். இதைக் கேட்டுக் கேட்டு என் கணவருக்குக் காது புளித்துப்போனது. கிறிஸ்துமஸுக்கு அப்பா கூப்பிட்டுவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அப்பா எனக்காகப் பூசையையே விட்டாரே என்று சொல்லி அழுதேன். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“அவரு ஒரு நாளும் பூசைய உட்டதில்ல. போன ஊட்லயே வெச்சிட்டுப் போவாரு. நான்தாம்மா ஆடினேன். பக்கத்து ஊட்டுப் பொண்ணு சொல்லிக் குடுத்துது.”

அந்தப் போனிலேயே ஒரு தடவையாவது பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“உன்னாண்ட பேச மாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிகினாரு. ஆடக் கூடாதுன்னு சொல்லல.”

அப்பா கடைசிவரை என் பேச்சையே எடுக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். கல்லறையில் அழுததைவிட அப்போதுதான் அதிகம் அழுதேன். எனக்கு இருந்த அப்பாவும் இல்லாமல் போனார்.

அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு பயந்த குரலில் கேட்டாள்.

“இப்ப பேசிட்டேனே, தப்பில்லையே?”