யாரும் ஏற விரும்பாத வான்

சைக்கிள் சுற்றுலாவுக்குப் பின்னால் வான் ஓட்டுவது ஒரு விசித்திரமான தொழில்: வண்டியில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே வாடிக்கையாளர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுபடுவார்கள், ஏறிவிட்டாலோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஒரு சின்ன சுற்றுலாக் கம்பெனி இந்த வேலைக்கு எடுத்தது. கோடை வந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் நியூஹேவனில் கப்பல் ஏறி, பிரான்சில் டியெப் துறைமுகத்தில் இறங்கி, நோர்மண்டியின் கிராமத்து ரோடுகளில் நாலு நாள் சைக்கிள் ஓடுவார்கள். அவர்களுடைய பைகள், உதிரி டயர், வாழைப்பழச் சீப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நான் கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து போவேன். களைத்தவர்களுக்கு ஜன்னலால் தைரியம் சொல்வேன்; அப்படியும் யாருக்காவது ஏலாமல் போனால் சைக்கிளைப் பின்னால் போட்டு, ஆளை என் பக்கத்து சீற்றில் இருத்துவேன். அவ்வளவுதான் உத்தியோகம்.

மற்றவர்களுடைய கால் களைப்பதற்காகக் காத்திருப்பது சாதாரண வேலை இல்லை. பிள்ளையின் நடன வகுப்பு வாசலிலும் கணக்கு ட்யூஷன் வாசலிலும் காருக்குள் இருந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு இது விளங்கும். நீங்களும் நானும் ஒரே சாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு எலுமிச்சம்பழம்

முதல் வருட ஜூனிலேயே எனக்கு வாய்த்தது லண்டன் இல்ஃபோர்ட் குழு. ஆறு பேர், ஆறு பேரும் யாழ்ப்பாணத்தார், எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். அவர்களுக்குத் தலைவர் சிறி அண்ணை. எங்கள் வீட்டுக்கு அரிசி, மா எல்லாம் அவருடைய கடையில்தான் வாங்குவேன். லண்டனில் இருந்து கொண்டுவந்த ஆறு சைக்கிளும் புத்தம் புதிசு, ஒரு விரலால் தூக்கலாம். டியெப்பில் எல்லாரும் வரிசையாக நின்று புறப்படும் நேரம், சிறி அண்ணை பையிலிருந்து ஆறு எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒவ்வொரு முன்சில்லுக்குக் கீழேயும் ஒன்று வைத்தார். புதுக் கார் எடுத்தால் கோயில் வாசலில் செய்வதுதானே, சைக்கிள் மட்டும் என்ன பாவம் செய்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

கார் ஏறினால் பழம் நசுங்கும். இந்தச் சைக்கிள் டயர் என் பெருவிரல் அகலம்தான். சிறி அண்ணை "முருகா" என்று மிதிக்க, பழம் நசுங்காமல் உருண்டது. சப்பாத்து பெடலோடு பூட்டியிருந்ததால் அவரால் காலை ஊன்ற முடியவில்லை. அப்படியே பக்கத்து ஆளின் மேல் சரிந்தார், அவர் அடுத்தவரின் மேல். ட்யூஷன் கொட்டிலில் ஒரு சைக்கிளைத் தட்டினால் வரிசை முழுக்க விழுமே, அதே மாதிரி ஆறு பேரும் நிலத்தில். முழங்கைத் தோல் உரிந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. நான் மருந்துப் பெட்டியோடு ஓட, சிறி அண்ணை கிடந்தபடியே சொன்னார்: "பயப்பிடாதை தங்கச்சி, நாலு நாளுக்கு விழ வேண்டியது எல்லாம் இப்பவே விழுந்து முடிஞ்சுது."

அரைகுறை ஸ்வெட்டர்

அதே ஜூன் பயணத்தில்தான் டாக்டர் சாரதா வந்தார். மதுரைக்காரர், வீடு வெம்பிளியில். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்கமருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் சைக்கிள் பழகியவர். மூன்றாம் நாள் வழியில் ஒரு ஏற்றம் உண்டு. அதை ஏற்றம் என்று சொல்ல எனக்கே வெட்கம். அந்தப் பக்கத்து நிலமே மெல்ல எழும்பி மெல்லத் தாழும், அவ்வளவுதான். இந்த ஒன்று மட்டும் இரண்டு கிலோமீட்டருக்குத் தாழ மறந்துவிடும். இரண்டு பக்கமும் ஆளிச்செடி வயல். ஜூனில் காலையில் போனால் வயல் முழுக்க நீலப் பூ. மத்தியானத்துக்குள் உதிர்ந்து வெறும் பச்சையாகிவிடும்.

டாக்டர் பாதி ஏற்றத்தில் இறங்கி நின்றார். நான் சைக்கிளை ஏற்றினேன். பக்கத்து சீற்றில் ஏறி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பெயரைக் கேட்டார், எங்கே இருக்கிறேன், பிள்ளைகள் எங்கே என்று கேட்டார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்தும் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூர் போய்விட்டார்கள், வீட்டில் நான் பேசினால் டீவிதான் மறுமொழி சொல்லும் என்றேன். அவர் தன் கதையைச் சொன்னார். வயலின் பாதியில் நின்றது, பிரெஞ்சு வகுப்பு பாதியில் நின்றது, பின்னத் தொடங்கிய ஆறு ஸ்வெட்டரும் கை வைக்காமல் அலுமாரியில் கிடக்கின்றன. அம்மா ஒன்றையும் முடிக்கமாட்டாள் என்பது மகளின் நிரந்தரப் பகிடியாம். இந்த நாலு நாளையும் வானில் ஏறாமல் ஒரு தடவை ஓடிவிட வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. "முப்பத்தஞ்சு வருஷம் ஊரையே தூங்க வச்சேன், பத்மா. ஒண்ணையாவது நான் முழிச்சிருந்து முழுசா முடிக்கணும்."

தொப்பி கழற்றிய கிழவர்

அடுத்த ஜூனும் டாக்டர் வந்தார், இல்ஃபோர்ட் ஆறு பேரும் வந்தார்கள். அன்று காலையில் இருந்தே தூறல். ஏற்றத்தின் அடியிலேயே டாக்டருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வானில் ஏறிவிட்டார். முன்னால் கறுப்பு மழைக்கோட்டுப் போட்டு இரண்டு இரண்டு பேராக நம் ஆட்கள். பின்னால் விளக்கு எரிய, நடை வேகத்தில் என்னுடைய வெள்ளை வான். எதிரே ட்ராக்டரில் வந்த ஒரு கிழவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் தலையைக் குனிந்தேன். வான் பக்கத்தில் வந்ததும் அவர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பாதியில் விட்ட பிரெஞ்சோடு டாக்டர் சீற்றிலிருந்து எட்டிப் பார்த்தார். தொடை வலியில் முகம் கோணியிருந்தும் சிரிப்பை அடக்க முடியாமல் என் பக்கம் திரும்பினார்: "யாரு செத்ததுன்னு கேக்குறாரு. இன்னும் யாரும் இல்ல, முயற்சி பண்றோம்னு சொல்லட்டுமா?"

இங்கே இல்லாதவர்

எல்லாரும் டாக்டரைப் போல ஏறிச் சிரிப்பவர்கள் இல்லை. ஒரு ஓகஸ்ட்டில் ஒரு வெள்ளைக்கார வக்கீல் வந்தார், நல்ல உயரம். புறப்படும்போது மற்றவர்களுக்கு மூச்சு விடுவது எப்படி என்று பாடம் எடுத்தவர். இரண்டாம் நாள் பத்து மணிக்கே அவருக்கு மூச்சு முட்டியது. முன்சீற் வேண்டாம் என்று பின்னால் பைகளுக்கு நடுவே போய்ப் படுத்து, இரண்டு மழைக்கோட்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டார். வெளியே இரண்டு நீளமான கால் மட்டும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது அவருடைய மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "என் கணவரைக் கண்டீர்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மழைக்கோட்டுக்குள் இருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது: "அவர் முன்னால் போய்விட்டார் என்று சொல்லு, பத்மா."

சிறி அண்ணையின் கை

யாழ்ப்பாணத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது தெரியும். கூட வருகிறவர் களைத்தால் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். தள்ளட்டுமா என்று கேட்பதில்லை. கேட்டால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். அதனால் கேட்காமல் தள்ளுவதுதான் மரியாதை.

மூன்றாவது ஜூனில் டாக்டர் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். பாதி ஏற்றம் வரை நன்றாகப் போனார், பிறகு சைக்கிள் ஆடத் தொடங்கியது. பக்கத்தில் வந்த சிறி அண்ணையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெண்பிள்ளையின் முதுகில் கை வைக்கக் கூச்சப்பட்டு, சற்றுப் பின்தங்கி, அவருடைய சீற்றின் அடியைப் பிடித்து மெல்லத் தள்ளினார். டாக்டருக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது. ஹோர்ன் அடித்திருக்கலாம், கண்ணாடியை இறக்கிக் கத்தியிருக்கலாம். அவர் உச்சிக்குப் போய்ச் சேரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

உச்சியில் எல்லாரும் கைதட்டினார்கள். டாக்டரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளையின் முகம். அப்போது குழுவில் ஒருவர் வாய் சும்மா இருக்காமல், "சிறி, நல்ல தள்ளு!" என்றார். டாக்டர் சிறி அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாழைப்பழச் சீப்பைப் பார்த்தேன். டாக்டர் வானைச் சுற்றி வந்து தானே கதவைத் திறந்து ஏறி, மீதி வழி முழுவதும் என்னோடு வந்தார். அன்று கதை ஒன்றும் இல்லை. விடுதி வாசலில் சிறி அண்ணை கைகளைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் டாக்டர் வாயைத் திறந்தார்: "நீங்க தப்பா எதுவும் பண்ணல சிறி சார். ஏழாவது ஸ்வெட்டருக்கும் கை இல்லாமப் பண்ணிட்டீங்க, அவ்வளவுதான்."

சீற்றைக் காலி பண்ணாதீங்க

நாலாவது ஜூன் அவர் வருவாரோ மாட்டாரோ என்று நான் பட்டியலை மூன்று தடவை பார்த்தேன். வந்தார். மூன்றாம் நாள் காலை சைக்கிளில் ஏறுமுன் என்னையும் சிறி அண்ணையையும் கூப்பிட்டு, ஒருத்தரும் ஒன்றும் செய்யக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஏற்றம் தொடங்கியது. வயல் நீலமாக இருந்தது. சிறி அண்ணை இரண்டு கையையும் ஹாண்டிலில் இறுக்கிப் பிடித்தபடி டாக்டரின் பக்கத்தில் போனார். போன தடவை ஆடிய அதே இடத்தில் டாக்டரின் சைக்கிள் ஆடியது. சிறி அண்ணையின் வலது கை தானாக எழும்பியது. இடது கையால் அதை அடித்துக் கீழே போட்டார். பிறகு வேகத்தைக் குறைத்து என் ஜன்னலுக்கு வந்து, "தங்கச்சி, என்ர கை சொல்வழி கேக்குதில்லை. நான் முன்னாலை போறன்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

இப்போது ரோட்டில் டாக்டரும் நானும்தான். ஒரு உண்மையை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அவர் இறங்கிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கோடை முழுக்க எத்தனையோ பேர் என் பக்கத்தில் ஏறி இறங்கினார்கள். என்னோடு கதைத்தவர் அவர் ஒருத்தர்தான். ஜூன் வந்தால் அந்தப் பாதி ஏற்றத்தைத்தான் நான் எதிர்பார்த்திருப்பேன். எவ்வளவு கேவலமான ஆசை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய சைக்கிள் மறுபடி ஆடியபோது, என் கை பக்கத்து சீற்றில் இருந்த ஃபிளாஸ்கையும் பையையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டது. பிளாஸ்டிக் பை சரசரத்தது. ஜன்னல் திறந்திருந்தது. டாக்டர் திரும்பாமலே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு, "சீட்ட... காலி... பண்ணாதீங்க... பத்மா... நான்... வரல" என்றார்.

வரவில்லை. உச்சியில் நிற்கவும் இல்லை, நின்றால் திரும்ப ஏற முடியாது என்று பயந்தாராம். கைதட்ட நின்றவர்களைத் தாண்டி அப்படியே மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் மத்தியானம் டியெப் கடற்கரையில் கூழாங்கல்லின் மேல் சைக்கிளைக் கிடத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தானும் படுத்துக்கொண்டார். அழுதார், சிரித்தார், மகளுக்கு ஃபோன் போட்டார். எனக்கும் அழுகை வந்தது. அதில் பாதிதான் சந்தோஷம். ஃபிளாஸ்கில் மிச்சம் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, அடுத்த ஜூன் எத்தனையாம் திகதி வசதி என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்: "அடுத்த வருஷம் எதுக்கு பத்மா? அதான் முடிச்சிட்டேனே!"

வானில் ஏறாமல் ஓடுங்கோ, உங்களால் ஏலும் என்று ஆட்களுக்குத் தைரியம் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்; இத்தனை வருடத்தில் ஒரே ஒருத்தர் அதை முழுசாகக் கேட்டார், அவரோடு கதைக்க இப்போது நான்தான் வெம்பிளிக்கு இரண்டு ரயில் மாறிப் போகிறேன்.