பிஸ்தூவுக்கு ஒரு வாய்க்கூடை

ஓதீல் காலுறையைப் பிடித்து இழுக்கவில்லை. உப்புநீரை ஊற்றி ஊற்றி நனைத்தாள். புண்ணில் ஒட்டிய துணியை இழுத்தால் தோலும் கூடவே வரும். முதியோர் இல்லத்தில் பாதி ஆயுள் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? முலேன் நகரில் வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்து, கடைக்காரர்கள் கூடாரங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள். நீரூற்றின் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன் அவள் மகன் லொயிக். அவனுடைய பெரிய கறுப்பு நாய் பிஸ்தூ, அவன் தொடையில் முகவாயை வைத்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிச்சா சொல்லு."

"சொன்னா நிறுத்துவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கிற? அந்தக் கிழவங்களையும் இப்படித்தான் மிரட்டுவியா?"

"அவங்க உன்னை மாதிரி வாயடிக்க மாட்டாங்க. காலை அசைக்காதே."

இருபது வயதில், ஒரு கோடைக்கு மட்டும் என்றுதான் அவன் முதுகுப்பையோடு கிளம்பினான். "பாரிஸ் எல்லாரும் போற ஊரு. நான் சின்ன ஊரா பாத்துட்டு வரேம்மா" என்றான். நெவேர், பூர்ஜ், லிமோஜ் என்று ஊருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. முதலில் காசு தீர்ந்தது. பிறகு அஞ்சலட்டைகளும் நின்றன. ஊர்சுற்றல் எந்த இடத்தில் தெருவாழ்க்கை ஆனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஓய்வு பெற்றதும் ஓதீல் தானும் ஒரு முதுகுப்பை வாங்கினாள். மலிவான உள்ளூர் ரயில்கள், பூங்கா பெஞ்சில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், இளைஞர் விடுதியில் அடுக்குக் கட்டில். மேல்கட்டில் பெண்கள், "மதாம், உங்க குறட்டைக்குத் தனி டிக்கெட் வாங்கினீங்களா?" என்று கேலி செய்வார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சந்தை நாள் உண்டு. கையில் ஒன்றுமில்லாதவர்கள், கடைக்காரர்கள் விட்டுப்போகும் அடிபட்ட பழத்துக்கும் உடைந்த கோசுக்கும் சந்தை கலையும் நேரத்தில் வருவார்கள். ஓதீலும் அவனைத் தேடி ஊர் ஊராக அந்த நேரத்துக்கே போய் நின்றாள். இன்று மதியம் அழுகிய பேரிக்காய்களுக்கு நடுவே நல்லதைப் பொறுக்கிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

புண்ணைச் சுற்றிய சிவப்பு, கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அவள் கட்டுப் போட்டு முடித்தாள்.

"ஊசி மருந்து ஏத்தணும். நாளைக்குக் காலை ரயில்ல நம்ம ஊருக்கே, ரோவான் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். தள்ளிப் போட்டா கால் போயிடும்டா."

அவன் கட்டைப் பார்த்தான். "சரிம்மா. வரேன்."

இவ்வளவு சுலபமாக அவன் ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை. அந்த வேகத்தில்தான் அடுத்ததையும் சொன்னாள்.

"விடுதியில உனக்கும் ஒரு கட்டில் சொல்றேன். வெந்நீர்ல குளி. நாயை மட்டும் உள்ள விட மாட்டாங்க, ராத்திரிக்கு இங்கேயே கட்டிப் போட்டுடு. காலையில காபிக்கடை லிசெத்கிட்ட விட்டுட்டுப் போகலாம்."

முதியோர் இல்லத்துக்குப் பூனையோடு வந்தவர்களிடம் அவள் சொல்லிவந்ததும் இதே குரலில்தான். பூனையை மகள் வீட்டில் விடுங்கள், விதி அப்படி. மறுபேச்சு வராத குரல் அது.

லொயிக் காலை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். "குளிர்காலத்துல இது என் வயித்து மேல படுக்கலைன்னா, நீ இன்னிக்கு யாருக்குக் கட்டுப் போட்டிருப்ப?"

"ஒரு ராத்திரிதானேடா."

"அந்தக் கிழவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லுவியா?"

ஓதீல் பையைத் திறந்தாள். மாத்திரைகளையும், விடுதியில் வாங்கிவந்த துண்டையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"நாளைக்குப் பாக்கலாம்மா."

மறுநாள் காலை, செல்லப்பிராணிக் கடையின் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். கடிக்காமலிருக்க முகத்தில் மாட்டும் வாய்க்கூடை இல்லாத பெரிய நாயை ரயிலில் ஏற்ற மாட்டார்கள். அதை வாங்கி, நிலையத்தில் தங்கள் இருவருக்கும், நாய்க்கும் ஒன்றாக மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு, அவன் படுக்கும் சந்தைக் கூரைக்குப் போனாள். யாரும் இல்லை. இரும்புக் கம்பியில் விடுதித் துண்டு துவைத்துக் காயப்போட்டிருந்தது. நாலு முனையும் சேர்த்து, சின்ன வயதில் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

எதிர்க் காபிக்கடையில் லிசெத் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள். "விடியும்போதே போயிட்டான் மதாம். ஒரு லாரிக்காரன் ஏத்திக்கிட்டான்."

"எந்தப் பக்கம்?"

"சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். கோவிச்சுக்காதீங்க."

"நடக்க முடிஞ்சுதா?"

"நாயைப் பிடிச்சுக்கிட்டு நடந்தான்."

"மாத்திரை?"

"காபியோட போட்டுக்கிட்டான். நான் பாத்தேன்."

ஓதீல் வாய்க்கூடையை மேசைமேல் வைத்தாள். "வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்தான்னா இதைக் குடுங்க. நாயையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

"அளவு சரியா இருக்குமா?"

"நேத்து கட்டுப் போட்டப்போ முழுக்க என் கைக்குப் பக்கத்துலதான் மூஞ்சியை வச்சிருந்தது. சரியா இருக்கும்."

துரத்திக்கொண்டு போனால் இன்னும் தூரம் போவான். விடுதியில் ஈரத் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். ரோவான் ரயிலில் பரிசோதகர் வந்தபோது ஒரு டிக்கெட்டைக் காட்டினாள். மற்ற இரண்டும் பையிலேயே இருந்தன.