அவருக்கு விளங்கும் மொழியில்

தலைநகரில், வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் தாதியாக இருந்த காலம். யுத்தம் ஓயவில்லை, வன்னிக்கூடாக யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மட்டும் கொஞ்சக் காலமாகத் திறந்திருந்தது. அப்போதுதான் மருத்துவர்களுக்குப் புதிய ஒழுக்க விதிகள் வந்தன. நோய் என்னவென்று நோயாளியிடமே சொல்ல வேண்டும், அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், சொன்னதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். வாசித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் ஆட்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கனடாவில் இருக்கும் மருமகனுக்கும் தெரியும். வருத்தக்காரருக்கு மட்டும் தெரியாது.

எங்கள் டொக்டர் சிங்களவர். நல்ல மனிதர், தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு என் தலையில்.

ஒரு காலை ஒரு மகள் தன் அம்மாவைக் கூட்டி வந்தார். மகளின் விசாவுக்காக இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். பரிசோதனை முடிவு மகளுக்கு ஏற்கெனவே தெரியும். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டா."

ஓம் என்றேன். அன்று கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போது ஆமிக்காரர் இரண்டு இடத்தில் பஸ்ஸால் இறக்கி அடையாள அட்டை பார்த்திருந்தார்கள். யாரோடும் மறுத்துக் கதைக்கத் தெம்பில்லை. இதுவும் ஒரு சாட்டுத்தான்.

டொக்டர் விதிப்படியே செய்தார். கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பி, அவரையே பார்த்து மெதுவாகச் சொன்னார். ஈரலில் புற்று. சில மாதங்கள்தான். சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"வயித்தில ஒரு புண், அம்மா. மருந்து எடுத்தா மாறிடும்."

"அப்ப ஒண்டு கேக்கிறன். என்ர சின்ன மகன் வன்னியில நிக்கிறான். பாதை திறந்திருக்கேக்க இப்பவே ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ, இல்லாட்டி இது மாறின பிறகு ஆறுதலாப் போகட்டோ?"

மகள் நிலத்தைப் பார்த்தார். இந்தக் கேள்வியை நான் டொக்டரிடம் சொல்லவில்லை.

"மாறின பிறகு போங்கோ அம்மா."

என்ன கேட்கிறார் என்று டொக்டர் கேட்டார். மருந்து சாப்பிடும் நேரத்தைக் கேட்கிறார் என்றேன். அம்மா கையெழுத்து வைத்தார். 'அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டது' என்ற வரிக்குக் கீழே நான் வைத்தேன்.

அடுத்த முறை அம்மா எனக்கென்று ஓலையில் பின்னிய ஒரு பனங்கட்டிக் குட்டான் கொண்டுவந்தார். அதற்கடுத்த முறை வருவதற்குள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு வந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான்.

"புண் மாற ஏன் பிள்ளை இவ்வளவு நாள்? அவன் பாத்துக்கொண்டிருப்பான்."

அம்மா லொட்ஜிலேயே செத்துப்போனார். மகள் போனில் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. மத்தியானச் சோறு வழமைபோல் இறங்கியது.

சில மாதம் கழித்துப் புதிய விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பல கோப்புகளில் கையொப்பம் குறைந்திருந்தது. அந்த அம்மாவின் கோப்பில் எல்லாம் சரி. அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். புதிதாக வந்த தாதிகளுக்கு அதைக் காட்டிப் பழக்கியதும் நான்தான்.